சாளையும் சனிக்கிழமை மாத்திரையும்

தூத்துக்குடியில் அந்தத் தெருவுக்கே அவர் டீச்சர்தான். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் பால்காரர் முதல் மீன்காரம்மா வரை யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 31 வருடம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவர். கரும்பலகையில் விலங்குச் செல் படத்தை ஒரே இழுப்பில் வட்டமாகப் போடுவார் என்று பழைய மாணவர்கள் இன்றும் சொல்வார்கள்.

அந்த வலது கையில்தான் முதலில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. முக்கால் மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம். பிறகு தானாக இளகும். வயசாகிறது, அப்படித்தான் இருக்கும் என்று தைலம் தேய்த்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டிவிட்டார். இரண்டு மணிக்கட்டும் ஒன்றுபோல வீங்கியபோதுதான் மகள் பிடிவாதமாக மருத்துவரிடம் அழைத்துப் போனார். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். முடக்குவாதம் என்பார்கள், ஊரில் பழைய ஆட்களுக்கு அது சரவாங்கி.

வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வை எதிரி என்று நினைத்து அடிக்கிறது. அடி விழுந்த இடம் சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இதைத்தான் அழற்சி என்கிறோம். கண்டுகொள்ளாமல் விட்டால் எலும்பையே அரித்துவிடும்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த முக்கியமான மாத்திரை மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தவறுதலாகத் தினமும் போட்டு உயிராபத்துவரை போனவர்கள் உண்டு என்பதால், டீச்சர் காலண்டரில் சனிக்கிழமைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருந்தார். நாலைந்து மாதத்தில் வீக்கம் வடிந்தது. அரிவாள்மனையில் உட்கார்ந்து சாளை செதில் எடுக்கிற அளவுக்குக் கை திரும்பியது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனது. சனி இரவு மாத்திரை, ஞாயிறு முழுக்கக் குமட்டல். அந்த வீட்டில் ஞாயிறுதான் மீன் நாள். குழம்பு கொதிக்கிற வாசனை வந்தாலே எழுந்து மாடிக்குப் போய்விடுவார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பைத் தன் கையால் வைத்த மனுஷிக்கு இது சின்ன நஷ்டமில்லை. இதை மருத்துவரிடம் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மருந்து என்றால் அப்படித்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்கிற தலைமுறை.

துபாயில் இருக்கும் மகன் மீன் எண்ணெய் மாத்திரை பாட்டில் இரண்டு கொடுத்தனுப்பியது அந்த நேரத்தில்தான். கூடவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு தகவலைப் போட்டிருந்தார்கள். மீன் எண்ணெய் நம் மரபணுவையே மாற்றி மூட்டு வலியை வேரோடு அறுத்துவிடும், ஆங்கில மருந்தே தேவையில்லை என்று. வேறு யாராவது படித்திருந்தால் சிரித்துவிட்டுக் கடந்திருப்பார்கள். டீச்சர் அறிவியல் படித்தவர். மரபணு என்ற சொல் அவரை நிறுத்தியது. உணவு போய் மரபணுவைத் தொட முடியுமா?

முடியும் என்று நம்ப அவருக்கு ஒரு காரணமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை.

யாரிடமும் சொல்லாமல் சனிக்கிழமை மாத்திரையை நிறுத்தினார். தினம் இரண்டு மீன் எண்ணெய் மாத்திரை. முதல் மூன்று வாரம் நன்றாகவே இருந்தது. குமட்டல் இல்லை, குழம்பு இறங்கியது, தகவல் சரிதான் என்று தோன்றியது. மெத்தோட்ரெக்சேட் ஒரே நாளில் வேலையை முடித்துவிட்டுப் போகிற மருந்தில்லை. நிறுத்திய பிறகும் அதன் பலன் சில வாரம் தாங்கும். அந்தக் கடன் காலத்தைத்தான் அவர் மீன் எண்ணெயின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டிருந்தார். ஏழாவது வாரம் பால் பாக்கெட்டைக் கத்தரிக்கக் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு வந்த மகள், அலமாரியில் பிரிக்காத மாத்திரை அட்டைகளைப் பார்த்துவிட்டார். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் உயிர்த்தொழில்நுட்பம் நடத்துகிறவர். கோபம் வந்தது, ஆனால் கோபப்படவில்லை. அந்தத் தகவலைக் கேட்டு வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"இதுல பாதி உண்மைம்மா. அதுதான் பிரச்சினையே."

"எந்தப் பாதி?"

அன்று சாயந்திரம் முழுக்க அந்தப் பாதியைத்தான் பேசினார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவருக்குப் பிள்ளையே பாடம் நடத்தியது. நடுநடுவே டீச்சர் குறுக்குக் கேள்வி கேட்டார். மகள் தடுமாறினால் பழைய ஆசிரியைத் தோரணையில் காத்திருந்தார்.

விஷயம் செல்லின் சவ்வில் ஆரம்பிக்கிறது. டீச்சர் வட்டமாகப் போடுவாரே, அந்தக் கோடு. அது கொழுப்பால் ஆனது. எந்தக் கொழுப்பு என்பதை ஓரளவு நம் சாப்பாடு தீர்மானிக்கிறது. பொதுவாக அதில் அராக்கிடோனிக் அமிலம் என்ற ஒமேகா 6 கொழுப்பு நிறைய இருக்கும். உடம்பில் அடிபட்டாலோ கிருமி நுழைந்தாலோ செல் அந்தக் கொழுப்பைக் கிள்ளி எடுத்து, புரோஸ்டகிளாண்டின், லூக்கோட்ரையீன் என்கிற அழற்சிப் பொருட்களைச் செய்கிறது. வலியும் வீக்கமும் இவற்றின் கைங்கரியம்தான். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் அடைப்பது இதில் புரோஸ்டகிளாண்டின் தயாரிப்பைத்தான். புரோஸ்டகிளாண்டின் ஆராய்ச்சிக்காக பெர்க்ஸ்ட்ராம், சாமுவெல்சன், ஜான் வேன் மூவருக்கும் 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மீன் கொழுப்பில் இருப்பவை இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா 3 கொழுப்புகள். தொடர்ந்து சாப்பிட்டுவந்தால் இவை சவ்வில் இடம் பிடிக்கும். பிறகு செல் கிள்ளி எடுக்கும்போது கையில் அகப்படுவது சில சமயம் இ.பி.ஏ.வாக இருக்கும். அதிலிருந்தும் அதே வகைப் பொருட்கள் உண்டாகின்றன. ஆனால் பெரும்பாலும் காரம் குறைவு.

"சரி, மரபணு எங்க வருது?" என்றார் டீச்சர்.

மகள் யோசித்துவிட்டு, அம்மாவுக்குப் பழக்கமான பழைய பேருந்து நிலையத்து மெஸ்ஸை எடுத்துக்கொண்டார். மனித உடம்பின் செல்லில் ஏறக்குறைய 20,000 மரபணுக்கள். சமையல்கட்டில் 20,000 பதார்த்தத்துக்கான செய்முறை நோட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாக் கிளையிலும் அதே நோட்டுதான். ஆனால் எல்லாவற்றையுமா தினமும் சமைக்கிறார்கள்? சர்வர் உள்ளே வந்து ஆர்டர் சொன்னால்தான் அடுப்பில் ஏறும். மீன் எண்ணெய் நோட்டில் ஒரு எழுத்தையும் மாற்றாது. ஆர்டர் உள்ளே போகிற வேகத்தை மாற்றும்.

அழற்சிக்கு ஆர்டர் சொல்கிற முக்கியமான சர்வருக்கு என்.எஃப்-கப்பா பி என்று பெயர். சாதாரண நேரத்தில் வேறொரு புரதம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு செல்லின் உட்கருவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கும். ஆபத்துச் செய்தி வந்தால் பிடி விடும். இவர் உட்கருவுக்குள் போய் டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 6 போன்ற அழற்சிப் புரதங்களுக்கான மரபணுக்களை வேலைக்கு எழுப்புவார். முடக்குவாத மூட்டில் இந்த ஆர்டர் ஓய்வதே இல்லை. விலை உயர்ந்த நவீன ஊசிகள் சில, இதே டி.என்.எஃப். ஆல்ஃபாவைப் பிடித்து அடக்குவதற்காகவே செய்யப்பட்டவை. ஒமேகா 3 கொழுப்புகள் செல்லின் வெளியிலும் உள்ளேயும் இருக்கும் சில ஏற்பிகளைத் தொட்டு, அந்த சர்வர் உள்ளே ஓடுவதைத் தணிக்கின்றன என்பது ஆய்வகங்களில் பலமுறை பார்த்த விஷயம்.

மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தார் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஆரோக்கியமான முதியவர்களுக்கு 26 வாரம் தினமும் 1.8 கிராம் இ.பி.ஏ., டி.எச்.ஏ. கொடுத்து, ரத்த வெள்ளணுக்களில் எந்தெந்த மரபணுக்களின் வேலை கூடியது, குறைந்தது என்று எண்ணினார்கள். 1,040 மரபணுக்களில் மாற்றம். அழற்சியோடு தொடர்புடைய பல மரபணுக்களின் வேலை குறைந்திருந்தது. மீன் எண்ணெய்க்குப் பதில் ஒருவகை சூரியகாந்தி எண்ணெய் எடுத்த பிரிவினரிடமும் 298 மரபணுக்களின் வேலை மாறியிருந்தது. இது பலருக்குக் கண்ணில் படாத விஷயம். மீனுக்கு மட்டும் வாய்த்த மந்திரமில்லை. சாப்பாடு எதுவானாலும் மரபணுவோடு ஏதோ பேசிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. அழற்சி என்பது விறகு தீர்ந்ததும் அடுப்பு அணைவதுபோலத் தானாக முடிவதில்லை. பந்தி முடிந்தால் இலை எடுக்க ஆள் வேண்டும். ஹார்வர்டில் சார்லஸ் செர்ஹான் குழுவினர் 2000-களின் தொடக்கத்தில் அப்படிப்பட்ட ஆட்களைக் கண்டுபிடித்து ரிசால்வின் என்று பெயர் வைத்தார்கள். உடம்பு அவற்றைச் செய்துகொள்வது இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டிலிருந்தும்தான்.

டீச்சர் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப நான் செஞ்சது தப்பில்லையே?"

"அளவைப் பாருங்கம்மா."

பாட்டிலின் முன்பக்கம் பெரிய எழுத்தில் 1000 மி.கி. மீன் எண்ணெய் என்று இருந்தது. பின்பக்கம், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில், இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120. மொத்தம் 300 மி.கி.தான் வேலைக்காரர்கள். மீதி வெறும் எண்ணெய். டீச்சர் போட்ட இரண்டில் கிடைத்தது 600 மி.கி. முடக்குவாதத்துக்கு மீன் எண்ணெய் ஓரளவு உதவியது என்று காட்டிய ஆய்வுகள் பலவற்றில் தினமும் கொடுத்த அளவு 3 கிராமை ஒட்டி. இந்த மாத்திரையில் அதை எட்ட ஒரு நாளைக்கு பத்து விழுங்க வேண்டும். பலன் தெரியவும் இரண்டு மூன்று மாதமாகும். கொழுப்பு போய்ச் சவ்வில் இடம் பிடிக்க வேண்டுமே!

அந்தப் பலனும் என்ன? காலை விறைப்பு குறைவது, வலி மாத்திரை குறைவது. எலும்பை அரிக்கிற நோயைத் தனியாக நிறுத்தியதாக இல்லை.

அடுத்த வாரம் மருத்துவரிடம் போனபோது டீச்சர் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார். மருத்துவர் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "எதுக்காக நிறுத்தினீங்க டீச்சர்?"

"ஞாயித்துக்கிழமை சோறு இறங்கல, டாக்டரம்மா."

"இதை நாலு வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லல?"

மாத்திரைக்குப் பதில் அதே மருந்தை வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசியாக மாற்றினார். பலருக்கு அதில் குமட்டல் குறையும். கூடவே ஃபோலிக் அமிலத்தை எந்த நாளில் எடுப்பது என்று மாற்றி எழுதினார். இவ்வளவுதான் தீர்வு. ஒரு வாக்கியம் முன்பே வாயிலிருந்து வந்திருந்தால் ஏழு வாரக் கூத்து இல்லை.

மீன் எண்ணெயை வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த ஓர் ஆய்வைச் சொன்னார். புதிதாக முடக்குவாதம் வந்த சுமார் 140 பேர். அவர்கள் எல்லோருக்கும் மெத்தோட்ரெக்சேட் உட்பட மூன்று மருந்துகள். அதோடு ஒரு பிரிவுக்கு தினமும் 5.5 கிராம் ஒமேகா 3. இன்னொரு பிரிவுக்குப் பெயருக்கு 0.4 கிராம். ஒரு வருடத்தில், மூன்று மருந்தும் கைவிட்டு அடுத்த மருந்துக்குப் போக வேண்டிய நிலை, அதிக அளவு எடுத்தவர்களிடம் தெளிவாகக் குறைவாக இருந்தது. மருந்தை நிறுத்திவிட்டு எண்ணெய் குடித்தவர்கள் அந்த ஆய்வில் ஒருவர்கூட இல்லை. டீச்சருடையதோ புதிய நோயுமில்லை. அதனால் செறிவு கூடிய வகையை, சாப்பாட்டோடு, மற்ற மருந்துகளைப் பார்த்த பிறகு ஒரு அளவில் எடுத்துப் பார்க்கலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், இதயத் துடிப்பு சீரில்லாதவர்களும் மீன் எண்ணெயை அதிக அளவில் எடுக்குமுன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். சில பெரிய ஆய்வுகளில் அதிக அளவு எடுத்தவர்களுக்கு ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு கூடுதலாகத் தென்பட்டது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். நம் வீடுகளில் சின்ன வயதில் கொடுத்த மஞ்சள் மாத்திரை, காட் மீனின் கல்லீரல் எண்ணெய். அதில் வைட்டமின் ஏ, டி உண்டு. ஒமேகா 3-க்காக அதைப் பத்துப் பதினைந்தாக விழுங்கினால் வைட்டமின் ஏ மிகுந்து கல்லீரலுக்குக் கேடு. இரண்டும் ஒன்றில்லை.

இத்தனை நம்பிக்கை மீன் எண்ணெய்மேல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கிரீன்லாந்தில் போய் நிற்கும். 1970-இல் ஹான்ஸ் ஓலாஃப் பாங், யோர்ன் டையர்பெர்க் என்ற இரண்டு டென்மார்க் மருத்துவர்கள் கிரீன்லாந்தின் வடமேற்குக் கரைக்குப் போனார்கள். சீல், திமிங்கிலம், மீன் என்று கொழுப்பிலேயே வாழும் இனுவிட் மக்கள் 130 பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். இவ்வளவு கொழுப்பு தின்றும் ரத்தக் கொழுப்பு குறைவாக இருந்தது, இ.பி.ஏ. மிகுந்திருந்தது. மாரடைப்பு அங்கே அபூர்வம் என்ற பேச்சோடு இது சேர்ந்துகொள்ள, மீன் எண்ணெய் உலகப் பயணம் கிளம்பியது.

அந்த இருவரும் அங்கே மாரடைப்பை நேரடியாக எண்ணிப் பார்க்கவில்லை என்று பிற்காலத்தில் மற்றவர்கள் சுட்டிக்காட்டினார்கள். 2015-இல் இன்னொரு திருப்பம். இனுவிட் மக்களின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, கொழுப்பு அமிலங்களைக் கையாளும் மரபணுக்களிலேயே அவர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த உணவுக்குப் பழகி மாறியிருப்பது தெரிந்தது. அவர்களுக்கு ஒத்துப்போவது மற்றவர்களுக்கும் அப்படியே ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இதயத்துக்கான கணக்கும் இன்னும் கலங்கலாகவே கிடக்கிறது. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்த வைட்டல் ஆய்வில் தினம் ஒரு கிராம் மீன் எண்ணெய் மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்டவற்றின் மொத்த எண்ணிக்கையைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. அதிக அளவு கொடுத்த இரண்டு பெரிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரான முடிவைச் சொல்கின்றன.

டீச்சருக்கு இந்தக் கதைகளைவிட மீன்காரம்மாவின் கூடைமேல்தான் அக்கறை. சாளை, சென்னைக் கடைகளில் மத்தி என்று விற்பது, ஏழை மீன். கொழுத்த காலத்தில் 100 கிராம் சாளையில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. சேர்ந்து ஒரு கிராமுக்கு மேல் இருக்கும். அவர் பாட்டிலில் மூன்று நான்கு மாத்திரை. எப்போதும் அவ்வளவு இருக்காது, பருவத்துக்குப் பருவம் கொழுப்பு ஏறி இறங்கும். இதற்கு ஆய்வகம் தேவையில்லை. "நெய் ஏறிருக்கு டீச்சரம்மா, சட்டியில எண்ணெய் கம்மியா ஊத்துங்க" என்று கூடையை இறக்கும்போதே மீன்காரம்மா சொல்லிவிடுவார். வாரம் இரண்டு நாள் குழம்பாக வைத்துச் சாப்பிடுங்கள், மாத்திரை அளவு வராவிட்டாலும் சாப்பாடாக அது நல்லது என்று மருத்துவரும் சொல்லியிருக்கிறார்.

ஊசிக்கு மாறி நாலு மாதமாகிறது. காலை விறைப்பு இருபது நிமிடத்துக்கு வந்திருக்கிறது. ஊசியாலா, மீன் எண்ணெயாலா என்று மகன் துபாயிலிருந்து கேட்டதற்கு, "ரெண்டையும் சேர்த்துல்ல போடுதேன், பிரிச்சு எப்படிச் சொல்ல? கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாம முடிவு எழுதக் கூடாதுன்னு உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கேனே" என்றாராம்.

இதற்கிடையில் எதிர் வீட்டு மாமி ஒரு நாள் வந்து நின்றார். அவருக்கும் முழங்கை, விரல்கள். மீன் வாசனையே ஆகாது. "எங்களுக்கெல்லாம் இது கிடையாதா டீச்சர்?"

டீச்சர் மகளைத் தொலைபேசியில் பிடித்தார். ஆளி விதை, அக்ரூட்டில் இருப்பதும் ஒமேகா 3தான், ஆனால் வேறு வகை. உடம்பு அதை இ.பி.ஏ.வாக மாற்றுவது கொஞ்சமே, டி.எச்.ஏ.வாக அதைவிடக் கொஞ்சம். தலைமுறை தலைமுறையாகச் சைவம் சாப்பிட்டவர்களிடம் இந்த மாற்றும் வேலையைக் கூட்டும் ஒரு மரபணு வடிவம் அதிகம் என்று 2016-இல் ஓர் ஆய்வு வந்தது; பெரும்பாலும் சைவர்களான புனே மக்களில் 68 சதவீதம் பேரிடமும், அமெரிக்கர்களில் 18 சதவீதம் பேரிடமும் அது இருந்தது. ஆனால் அந்த வடிவம் ஒமேகா 3-ஐ மட்டும் கூட்டுவதில்லை. சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றின் ஒமேகா 6-ஐ அராக்கிடோனிக் அமிலமாக மாற்றுவதையும் கூட்டும். அதுதானே அழற்சிப் பொருட்களின் மூலச்சரக்கு. சைவ வீடுகளில் எந்த எண்ணெயில் சமைக்கிறோம் என்பதும் ஒரு கேள்விதான்.

"அப்ப வழியே இல்லையா?"

இருக்கிறது. மீன் இந்தக் கொழுப்புகளைப் பெரும்பாலும் தானாகச் செய்வதில்லை. கடலில் மிதக்கும் நுண்பாசிகள் செய்கின்றன, மீன் அவற்றைத் தின்று சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பாசியிலிருந்தே நேரடியாக எடுத்த எண்ணெய் மாத்திரையாக வருகிறது. விலைதான் கூடுதல். மேல் உறையும் மாட்டு ஜெலட்டினா, சைவமா என்று அட்டையைப் பார்த்து வாங்க வேண்டும்.

மாமி எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். போகும்போது டீச்சர் அந்தச் சீட்டை வாங்கி, அடியில் வாத நோய் மருத்துவரின் பெயரையும், வியாழக்கிழமை மாலை 5 மணி என்பதையும் எழுதி, இரண்டு தடவை அடிக்கோடு போட்டுக் கொடுத்தார்.